கரைக்குப் போன வாசகம்

எங்கள் படகின் எஞ்சின் நின்று நான்காம் நாள். கல்முனையில் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் மகள் முனவ்வறாவுக்கு நிக்காஹ். நானோ கரையிலிருந்து ஒரு பகல் ஓட்டத்துக்கு அப்பால், எங்களை இழுத்துப்போக வரும் படகை எதிர்பார்த்துக்கொண்டு கிடந்தேன். மாப்பிள்ளை அர்ஹம் மறுநாள் கட்டாருக்குப் போகிறார். திரும்பிவர இரண்டு வருடமாகும். எனக்குப் பதிலாக நின்று மகளைக் கொடுக்க நான் ஒரு வக்கீலை நியமிக்காவிட்டால் நிக்காஹ் இல்லை.

எங்கள் றேடியோ கரையை எட்டவில்லை. இடையில் இரண்டு படகுகள் நின்றன. ஒன்றில் பாண்டிருப்புக் கோகிலன், மற்றதில் காலிதீன். அவர்களுக்கும் கரை தெளிவில்லை. சத்தம் வரும், திடீரென்று அமிழ்ந்துபோகும்.

"வாசகம் முழுசா வரணுமாம் காக்கா. அரைகுறையா வந்தா நிக்காஹ் எழுத மாட்டாராம் மௌலவி," என்றான், என்னை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் கோகிலன்.

நான் தாளில் எழுதி வைத்ததை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன்.

"என் மகள் முனவ்வறாவை அர்ஹமுக்கு நிக்காஹ் செய்துகொடுக்க, என் தம்பி அப்துல் கபூரை வக்கீலாக்கினேன்."

"என் மகள் எண்டே சொல்லவா? காக்காட மகள் எண்டு சொல்லவா?" என்று கேட்டான் கோகிலன்.

எங்கள் படகை ஓட்டும் தண்டல் அச்சிமுகம்மது என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். "உனக்கிட்ட ஆரு மகள் கேட்ட? அவர் சொன்னதை அப்பிடியே சொல்லு."

இரண்டு படகுக்காரரும் ஒன்றாகக் கதைத்தால் ஒருவர் குரல் மற்றவர் குரலை விழுங்கிவிடும். ஆகவே முதலில் கோகிலன் கரைக்குச் சொன்னான். அவன் முடித்த பிறகு காலிதீன் சொன்னான். அதன்பின் வெறும் இரைச்சல். தாள் வியர்வையில் நனைந்து என் விரலில் ஒட்டியது.

கனநேரம் கழித்துக் கோகிலன் வந்தான்.

"நான் சொன்னதில உங்கட தம்பிட பேர் விழல்லயாம். காலிதீன் சொன்னதில முன்பாதி விழல்லயாம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா முழுசு. மௌலவி எழுதிட்டார். நிக்காஹ் முடிஞ்சுது காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் தண்டல். என் தோளில் தட்டிவிட்டு எஞ்சின் அறைக்குள் இறங்கினார்.

"காக்கா, மகள் றேடியோவுக்கு வந்திரிக்கா," என்றான் கோகிலன். நான் மைக்கைக் காதோடு வைத்துக்கொண்டேன், அதில் ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும்.

"வாப்பா, சாப்பிட்டீங்களா," என்றது கோகிலனின் தடித்த குரல்.

"ஓம் எண்டு சொல்லு."

சொன்னான்.

"என்ன சொன்ன அவ?"

"சரி வாப்பா எண்டா."

"அழுதவளா கோகிலன்?"

இரைச்சல் கூடிக் குறைந்தது.

"தெரியா காக்கா. சொல் மட்டுந்தான் விளங்கின. குரல் விளங்கல்ல."

மறுமுறை கேட்கச் சொல்வதற்குள் அவனுடைய சத்தமும் அமிழ்ந்துபோயிற்று. நான் மைக்கை வைக்காமல் இருந்தேன்.