மேனேஜரின் மரியாதையான பதிவு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செயலாளர் என் அண்ணன். லிஃப்ட் நின்றாலும் தண்ணீர் நின்றாலும் குடியிருப்போர் செயலியில் அவனுக்குத்தான் அர்ச்சனை. அதிகம் அர்ச்சித்தது அண்ணி. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வது போதாதா என்று நொந்துபோனவன், ஒரு செயற்கை நுண்ணறிவைச் செயலிக்குக் காவல் வைத்தான். திட்டோ வெறுப்போ கண்ணில் பட்டால் அது பதிவை நிறுத்தும். நிறுத்தியதோடு சும்மா இருக்காது. "கண்ணியமாக மாற்றிப் பதியட்டுமா?" என்று குழைந்து கேட்கும்.

அண்ணி பள்ளி வேன் ஓட்டுகிறவள். அவளை அடக்க ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டதில் எனக்குப் பெருமைதான்.

மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தாள். வெளியூர்க்காரி, பேச்சிலேயே தெரியும். ஒரு நாள் தரைத்தளத்து ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் அவளைப் பற்றி ஒரு பதிவு போட்டார்.

"மாறுபட்ட பழக்கவழக்கம் கொண்ட அக்குடும்பத்தின் நலன் கருதி, அவர்களுக்கு ஏற்ற சூழலை வேறிடத்தில் தேடிக்கொள்ள அன்புடன் துணைநிற்போம்."

பதிவுக்குக் கீழே ஒரே கும்பிடு மயம். நர்ஸ் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், நான்காம் மாடியில் இருப்பவர், "எல்லோரும் விரும்பினால் காலி செய்யச் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டார்.

"நான் கொஞ்சம் காரமாத்தான் எழுதினேன். மெஷின் பக்குவமா மாத்திடுச்சு" என்று லிஃப்ட் வாசலில் என்னிடமே பெருமையடித்தார் மேனேஜர்.

அண்ணி வேனைக் கிளப்பும் அவசரத்தில் செயலியில் பொரிந்து தள்ளினாள். "யோவ், அந்தப் பொண்ணு மேல கை வச்சா உன் மானத்தை வாங்கிடுவேன்!" மெஷின் அதை நிறுத்தியது. ஏதோ கேட்டது. அனுப்பத்தான் கேட்கிறது என்று நினைத்து, சரி என்று தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் பெயரில் வந்தது இது: "மேனேஜர் அவர்களின் அக்கறைக்கு நன்றி. அவர் கருத்தை மதிக்கிறேன்."

சாயங்காலம் நாங்கள் மூவரும் மேலே போனபோது நர்ஸ் அட்டைப்பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினாள். "நீங்களும் இப்படித்தான் நினைக்கிறீங்களா அக்கா?"

அண்ணி படித்தாள். அதுவரை அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அடுத்த நிமிஷம் படிக்கட்டில் நின்று போட்ட சத்தத்தில் எல்லாக் கதவும் திறந்தது. மேனேஜரும் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"மெதுவாப் பேசேன், ஊருக்கே கேக்குது" என்றான் அண்ணன்.

"கேக்கட்டும்னுதான் கத்துறேன்! சார், மெஷின் மாத்தினதெல்லாம் வேணாம். நீங்க முதல்ல எழுதினதை இந்தப் பொண்ணைப் பாத்து உங்க வாயால சொல்லுங்க."

மேனேஜர் செயலாளரைப் பார்த்தார்.

அண்ணன் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினான். "சொல்லுங்க சார். இங்க யாரும் தடுக்க மாட்டோம்."

மேனேஜர் வாயைத் திறந்தார். நர்ஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

"பாத்திரத்தை எல்லாம் திரும்ப அலமாரியில எடுத்து வைம்மா" என்றார் மேல்படியில் நின்றிருந்த வீட்டுச் சொந்தக்காரர்.