சுமலதா பேர் ஒட்டின பாட்டில்

நான் பண்ணது தப்புதான். யார் திட்டினாலும் வாங்கிக்கறேன். ஆனா பரீட்சைக்கு மூணு நாள் இருக்கறப்ப எந்தத் தாய்க்கு மனசு கேக்கும், சொல்லுங்க!

என் பேர் தனக்கொடி. பெரிய மார்க்கெட்டுல பூ விக்கறேன். ரெண்டு பொண்ணு. பெரியவ சுமலதா ப்ளஸ் டூ, சின்னவ இனியா ஏழாவது. ரெண்டு பேர் ரத்தத்துலயும் சிக்கிள் செல். ரத்த அணு அரிவாளாட்டம் வளைஞ்சு அங்கங்க அடைச்சுக்குமாம். என் வீட்டுக்காரர் எனக்கு மாமன் மகன். ஆளுக்குப் பாதி குடுத்துட்டோம்னு டாக்டரம்மா சொன்னாங்க.

பெரியவளுக்கு மாசம் தவறாம எலும்பு நோவு, கத்திக் கதறுவா. சின்னவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல. முதலியார்பேட்டைத் தெரு பூரா ஆடிட்டுத் திரிவா. அவளுக்கு அது ஒண்ணும் பண்ணாதுன்னு நாங்களே முடிவு கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதையே விட்டுட்டோம்.

போன மாசம் சுமலதாவோட ஒண்ணுக்குல புரோட்டீன் லேசா போவுதுன்னாங்க. கிட்னி கெட ஆரம்பிக்கற அடையாளமாம். அடுத்த தடவை கூடியிருந்தா அன்னிக்கே அட்மிட்டுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. "ஒரு வருஷப் படிப்பே போயிடும்மா"ன்னு அவ சோறு தொடல.

வெள்ளிக்கிழமை காலையில டெஸ்ட்டுக்குன்னு அவ புடிச்சுக் குடுத்த ஒண்ணுக்கைச் சாக்கடையில ஊத்திட்டு, வேற பாட்டிலை இனியாகிட்ட நீட்டினேன். "அக்காவுக்காக இதுல புடிச்சுக் குடுடி. உன்னுது சுத்தமா இருக்கும்." பெருமையா வாங்கிட்டு ஓடினா. மேல சுமலதா பேரை ஒட்டி லேப்புல குடுத்துட்டேன்.

சாயங்காலம் மூணு பேரும் போனோம். இனியா வராண்டாவுல நின்னுக்கிட்டா. ரிசல்ட்டைப் பாத்ததும் டாக்டரம்மா முகம் மாறிடுச்சு.

"புரோட்டீன் போன மாசத்தைவிடப் பத்து மடங்கு. இப்பவே சேத்துடலாம்."

சுமலதா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. ஐயோ, அது இவளுது இல்லையே! வாயைத் தொறந்தா மானம் போவும். தொறக்கலன்னா சின்னவ போயிடுவா. டாக்டரம்மா அட்மிஷன் சீட்டு எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

"எழுதாதீங்கம்மா. அது சின்னவளுது. நான்தான் மாத்திட்டேன்."

பேனா நின்னுச்சு. சுமலதா என் கையை உதறிட்டா. டாக்டரம்மா பாத்த பார்வைக்கு என்னை ஓங்கி அறைஞ்சிருந்தாக்கூடத் தேவலை.

"அவளுக்கு வலியே இல்லையா?"

"ஒரு நாளும் இல்லீங்க."

"வலி வேற, கிட்னி வேறம்மா. நோய் ஒண்ணுதான். ஆனா உடம்புல இருக்கற மத்த மரபணுவெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால ஒருத்தருக்கு எலும்புல காட்டும், ஒருத்தருக்குச் சத்தமில்லாம கிட்னியைத் தின்னும். எத்தினி வருஷமா அவளைக் காட்டல?"

"நாலு வருஷம்."

"கூப்பிடுங்க அவளை. பெரியவளுக்கும் திரும்ப டெஸ்ட் எடுக்கணும்."

கதவைத் தொறந்தேன். இனியா குதிச்சு ஓடியாந்தா.

"என்னுது நல்லா இருந்துச்சாம்மா? அக்கா பரீட்சை எழுதலாமா?"

சுமலதாதான் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, தங்கச்சி கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா.