அலுப்பு போய்ச் சேரும் இடம்

பாதயாத்திரை போகிறவனுக்கு அலுப்பு வராது. யாருக்காக வேண்டிக்கொண்டு நடக்கிறானோ, அவர்களுக்குத்தான் வரும். நான் என் மனைவி அழகம்மைக்காகப் பழனிக்கு நடந்துகொண்டிருந்தேன். நடந்தது நான். காரைக்குடியில் கட்டிலில் படுத்தபடி கால் வலித்தது அவளுக்கு.

அவளுக்கு இதயம் பலவீனம். ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் நான் நடக்கக் கூடாது என்று டாக்டர் அவள் சீட்டில் எழுதியிருந்தார். அவருக்கென்ன, பூசத்துக்குள் போய்ச் சேர வேண்டியவன் நான். ஆனாலும் ஆமை மாதிரிதான் நடந்தேன். வேகமாக நடந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். நின்றுவிட்டால் வேண்டுதல் என்னாவது? எப்படிப் போனாலும் அடி அவளுக்குத்தான்.

கூட வந்த வெள்ளைச்சாமி அண்ணன் தன் எருமைக்காக வேண்டிக்கொண்டவர். அது தொழுவத்தில் நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடப்பதாக வீட்டிலிருந்து போன் வந்தபடி இருந்தது. ஒரு மாஜி கவுன்சிலர் தன் வார்டே நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். அவர் வார்டில் மூன்று நாளாகக் கடை திறக்க ஆளில்லை. மனிதருக்கு அவ்வளவு பொதுநலம்.

நத்தத்திலிருந்து கிளம்பிய இரண்டாம் நாள், கோபால்பட்டி தாண்டியபோது உச்சி வெயில். என் குதிகால் வலித்தது. கல் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் கெண்டைக்காலும் இழுத்தது.

"அண்ணே, எனக்கு வலிக்குது."

வெள்ளைச்சாமி அண்ணன் நின்றார். தலைத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போனால் அலுப்பு நடப்பவனிடமே தங்கிவிடும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"மணி என்னன்னு குறிச்சுக்கப்பா" என்றார்.

நான் குறிக்கவில்லை. அழகம்மைக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் கழித்து எடுத்தாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"என்னங்க, இப்பத்தான் பஸ் ஸ்டாண்டு தாண்டுறேன்."

"எங்க போற நீ?"

"பழனிக்குத்தான். உங்களுக்காக வேண்டிக்கிட்டேன். எத்தனை நாளைக்குத்தான் படுத்துக்கிட்டே அலுத்துக் கிடக்கிறது?"

"உன் உடம்புக்கு ஆகுமா?"

"நடக்கிற அலுப்பு எனக்கு ஏதுங்க? உங்களதுதான் இழுக்குது. நீங்க செத்த உக்காருங்க."

உட்கார்ந்தேன். ரோட்டோரப் புளியமரத்தடியில் காலை நீட்டிக்கொண்டேன். நேரம் ஆக ஆக வலி முட்டிக்கு ஏறி இடுப்புக்கு வந்தது. பாதத்தில் கொப்புளம் கிளம்பியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் தைலம் எடுத்தபோது வேண்டாம் என்றேன். எருமைக்கும் நல்லது என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்கு வலி நின்றது. துளிகூட இல்லை. மறுபடி போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. காலைப் பிசைந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இடுப்பு, முட்டி, கெண்டைக்கால் என்று எல்லா இடத்திலும் தேடினேன்.

"வலிக்குதாப்பா?"

"இல்லண்ணே."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஆயுளில் எதையும் இப்படிக் கேட்டதில்லை. கொஞ்சமாவது வலிக்கட்டும் முருகா என்று கேட்டேன். அண்ணன் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கிவிட்டது.

அப்போது, நீட்டியிருந்த வலது காலில், உள்ளங்காலில் சுரீரென்று ஏறியது. அண்ணன் குனிந்து பார்த்தார். கருவேல முள். பாதி உள்ளே போயிருந்தது. அரைஞாண் கயிற்றிலிருந்த ஊக்கைக் கழற்றி, எச்சில் தொட்டு நெருடத் தொடங்கினார்.

"சீக்கிரம் எடுங்கண்ணே" என்றேன். "அங்க அவ ஒத்தக் கால்ல நிக்கிறா."