வெர்னாவின் ஆறாவது டப்பா

ஹாலிஸை ஒரே ஒரு தடவை தோற்கடிக்க வேண்டும். என் சிநேகிதி வெர்னாவுக்கு அந்த வருஷம் வேறு ஆசையே கிடையாது. சின்ன ஆசைதான் கண்ணுகளா, ஆனால் ஐந்து தடவை மூக்குடைபட்டவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எங்கள் ஊர்க் குன்றுப் பாதையில் நாங்கள் டப்பா ஒளித்து விளையாடுவோம். ஒருவர் ஒளித்துவிட்டு இடத்தை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்தபடி ஏறி வந்து தேடி, டப்பாவுக்குள் இருக்கும் சீட்டில் பெயர் எழுத வேண்டும். கிடைக்காவிட்டால் இணையத்தில் 'கிடைக்கவில்லை' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஓர் அழுமூஞ்சி வந்து விழும். ஓய்வுபெற்ற தபால்காரரான ஹாலிஸ் பெயருக்குப் பக்கத்தில் அது விழுந்ததே இல்லை. வெர்னா ஒளித்த ஐந்தையும் முதல் ஆளாக எடுத்து, ஐந்துக்கும் ஒரே வரியை எழுதி வைத்தார்: 'காபி ஆறுவதற்குள் கிடைத்தது.'

ஆறாவதற்கு வெர்னா மண்டையை உடைத்துக்கொண்டாள். நாயோடு நடக்கிறவர்கள் நாய் போனதை அள்ளிக் கட்டிய பச்சைப் பையை, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வேலியோரம் வைப்பார்கள். அப்புறம் மறந்துவிடுவார்கள். அதை யார் தொடப்போகிறார்கள்? ஒரு மாத்திரை டப்பாவில் சீட்டைச் சுருட்டிப் போட்டாள். சுற்றிலும் களிமண்ணை அப்பினாள், தொட்டால் அசலாகவே அமுங்க வேண்டுமே. பச்சைப் பையில் போட்டு முடிச்சிட்டு, மூன்றாவது வளைவில் வேலிக்கம்பத்தடியில் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு இடம் இணையத்தில் வந்தது. எட்டே காலுக்கு ஹாலிஸ் காபிக் குவளையோடு வந்துவிட்டார். எதிர் பெஞ்சில் வெர்னா தன் நாய் பிக்கிளைத் தடவிக்கொண்டு, ஏதோ காற்று வாங்க வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். ஹாலிஸ் கல்லைப் புரட்டினார். மரப்பொந்தில் கை விட்டார். கம்பங்களின் தலையை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். ஒரு மணி நேரம். காபியில் ஆவி நின்று வெகுநேரமாகிவிட்டது.

இங்கேதான் வெர்னா கோட்டை விட்டாள். தேட வருகிறவர்கள் வழியில் கிடக்கிற குப்பையையும் பொறுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். ஹாலிஸ் அதில் ரொம்பக் கறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, கம்பத்தடியில் கிடந்த பச்சைப் பையை இரண்டு விரலால் தூக்கிப் போய், பாதையின் வாசலில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடி தேட ஏறினார்.

டப்பா இடத்தில் இல்லையென்றால் அவர் எழுதுகிற 'கிடைக்கவில்லை' செல்லாது, பழி ஒளித்தவள்மேல்தான். வெர்னா நாயை இழுத்துக்கொண்டு கீழே ஓடினாள். தொட்டிக்குள் இருபது பச்சைப் பைகள். எல்லாம் ஒரே நிறம், ஒரே முடிச்சு. ஒன்றை அமுக்கிப் பார்த்தாள். அமுங்கியது, வெதுவெதுப்பாக. அவளுடையது இல்லை.

முழங்கை வரை உள்ளே விட்டிருக்கும்போது பின்னால் ஹாலிஸின் குரல்.

"என்ன வெர்னா, ஏதாவது தொலைஞ்சுபோச்சா?"

"கம்மல்."

"எந்தக் காதுல? ரெண்டுலயும் இருக்கே."

ஹாலிஸ் தொட்டியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார், திரும்பி மேலே மூன்றாவது வளைவைப் பார்த்தார்.

"நான் கையில எடுத்தேனா?"

"ரெண்டு விரல்ல."

அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, இருபது பைகளையும் புல்லில் வரிசையாக அடுக்கினார். ஓடிப் பழக வந்த ஒருத்தி நின்று பார்த்தாள். விளையாடாதவர்களுக்கு விஷயத்தைச் சொல்லக்கூடாதே, ஆராய்ச்சி நடக்கிறது என்று கௌரவமாகச் சொல்லி அனுப்பினார்.

கண்டுபிடித்தது பிக்கிள். ஒவ்வொரு பையையும் பக்தியோடு மோந்துகொண்டே வந்த நாய், பதினான்காவதை மட்டும் கூழாங்கல்லைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போயிற்று. ஹாலிஸ் அதைப் பிரித்து, களிமண்ணைப் பிதுக்கி, சீட்டை எடுத்தார். வெள்ளைச் சீட்டு. அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது.

"எழுதிக்கோப்பா," என்றாள் வெர்னா. "உன் கைக்குத்தானே முதல்ல வந்துச்சு."

ஹாலிஸ் பேனாவைத் தொட்டார். ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தார். "கைக்கு வந்துச்சு. கண்ணுக்கு வரலையே," என்றார்.

குனிந்து பிக்கிளின் காலைப் பிடித்தார். அப்புறம் எல்லாவற்றையும் பழையபடி கட்டி, தானே மேலே ஏறிப் போய் அதே கம்பத்தடியில் வைத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் இணையத்தில் ஹாலிஸ் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அழுமூஞ்சி. 'கிடைக்கவில்லை. காபி ஆறிவிட்டது.' வெர்னா அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். மறுநாள் நான் போய் அந்தச் சீட்டைப் பிரித்தபோது, முதல் வரியில் களிமண் கறையாக ஒரு நாயின் கால்தடம். சின்னச் சீட்டு, பாதம் முழுசாகப் பதியவில்லை. இரண்டு விரல்தான்.