பருந்து போட்ட மீன்

மடியில் விழுந்து துள்ளுகிறது, ஒரு முழம் இருக்கும், விலாவில் செங்காவிப் பட்டை, முதுகெல்லாம் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளி, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக என்னைவிட அதிகமாகத் திகைத்துப்போயிருக்கிறது, நான் இன்னும் தூண்டிலையே பிரிக்கவில்லை, புழு டப்பா மூடியபடி காலடியில் இருக்கிறது, தலைக்கு மேலே இரண்டு காக்கைகள் ஒரு பருந்தைக் கொத்திக் கொத்தி மதகுப் பக்கம் விரட்டிக்கொண்டு போகின்றன, அந்தப் பருந்தின் காலிலிருந்துதான் இது நழுவியது, நழுவி, இத்தனை பெரிய அணையை விட்டுவிட்டு, இத்தனை பெரிய நீலகிரி மலையை விட்டுவிட்டு, என் மடியில் வந்து விழுந்தது, நான் கேட்கவில்லை, இதுவும் கேட்டிருக்காது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது நிஜம், இதில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டாம், வாழ்நாளெல்லாம் மீனைப் பற்றிப் பொய் சொன்னவனுக்கு ஒரு நிஜம் வானத்திலிருந்து விழுந்திருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சொன்னால் பொய் என்று சொல்வதற்கு என் பெண்சாதி செவனம்மா இல்லை, போன மழைக்கு முன்னால் போய்விட்டாள்.

பெயிண்ட் வாளியில் தண்ணீர் மொண்டு அதை உள்ளே விட்டேன், வளைந்து படுத்துக்கொண்டு செவுளை அடித்தது, முதுகில் நகம் பட்ட கீறல், ஆழமில்லை, பிழைத்துக்கொள்ளும், சாமன் என்போம் இதை, மீன்துறை ஆட்கள் வேறு பெயர் சொல்வார்கள், சிலோனில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா துரை பங்களாவுக்குத் தோட்டக்காரர், துரை சொன்னதாக அவர் சொல்வார், அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை என்பதால் எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்புங்கள், இது சாமன் சாதி, கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட மட்டும் பிறந்த ஓடையைத் தேடி வருகிற சாதி, எவனோ கொண்டுவந்து மலையில் விட்டான், அப்புறம் எவனோ குறுக்கே அணையைக் கட்டினான், வழி அடைபட்டுப் போயிற்று, இப்போது அணையைத்தான் கடல் என்று நினைத்துக்கொண்டு இதிலேயே சுற்றுகிறது, குளிர் மாதத்தில் மேலே ஓடைக்கு ஏறிப்போய் முட்டையிட்டுவிட்டு, கடலுக்குத் திரும்புவதாக எண்ணிக்கொண்டு அணைக்குத் திரும்புகிறது, நான் சொன்னவற்றில் செவனம்மா நம்பியது இந்த ஒன்றைத்தான், நம்பியதோடு நிற்கவில்லை, எனக்கும் மகனுக்கும் குழம்பு வைத்துக் கொடுப்பாள், காரம் சரியா என்று கேட்பாள், அவள் தட்டில் மட்டும் அந்த மீன் விழுந்ததே இல்லை, ஏன் புள்ள என்றால், போற எடந் தெரியாம சுத்துறத எப்பிடிங்க திங்கிறது என்பாள்.

மற்றதெல்லாம் பொய் என்றாள், அது எங்கள் வீட்டு வழக்கம், ஞாயிற்றுக்கிழமை நான் அணையிலிருந்து தோட்டத்து லயத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஏறி வருவேன், அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றி வைத்திருப்பாள், பாலும் கிடையாது சீனியும் கிடையாது, சிலோனில் குடித்த மாதிரியே உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்போம், கருப்பட்டி டப்பா அவளிடம் இருக்கும், நான் வாசலில் நின்றபடியே அன்றைய பொய்யைச் சொல்லியாக வேண்டும், நல்ல பொய் என்றால் துண்டு பெரிது, ஓட்டைப் பொய் என்றால் வெறும் தண்ணி, இன்னைக்கு ஒரு மீன் கரையேறி வந்து மேட்டுப்பாளையம் பஸ் எப்பன்னு கேட்டுச்சு புள்ள, என்பேன், முகத்தில் ஒன்றும் காட்டாமல், எதுக்காம், என்பாள், அவளும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், கடலுக்குப் போவுதாம், கீழ போயி ரயிலு புடிக்குமாம், நாந்தான் ஏத்திவிட்டேன், ஒரே கூட்டம், பொம்பளைங்க சீட்டுல ஒக்காந்துகிச்சு, கரண்டியால் தண்ணியைக் கலக்குவாள், அது ஆம்பள மீனா பொம்பள மீனா, ஆம்பளதான், தாட கொக்கி மாதிரி வளஞ்சிருந்துச்சே, அப்ப பொய்யி, நம்ம கண்டக்டரு எறக்கி விட்டிருப்பாரு, டப்பா மூடிக்கொள்ளும், நான் வெறும் தண்ணியைக் குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வரைக்கும் ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் நின்றபடி அந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன், மேஸ்திரி வந்து, என்னாய்யா தூங்குறியா என்பான், கண்டக்டரைச் சரிக்கட்ட வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவனிடம் சொல்ல முடியுமா, இன்னொரு நாள் பனி கெட்டியாக இறங்கியிருந்தது, தூண்டில போட்டேன் தண்ணிக்கே போகல புள்ள, பனியிலயே நின்னுகிச்சு, மெதவ முங்குச்சு, இழுத்தேன், சாமன், கையில எடுத்துப் பாக்கறேன் ஒடம்புல ஈரமே இல்ல, அன்றைக்கு அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க, பொய்யி, பொய்யி, பொய்யி, என் உள்ளங்கை கொள்ளாத துண்டு.

அவள் சந்தேகப்படுகிறவளாகப் பிறந்தவள் இல்லை, தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை யார் எதைச் சொன்னாலும் நம்புகிற பெண், கல்யாணமான புதிது, தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் பங்கு பிரித்துக்கொண்ட நேரம், எங்களுக்கு இந்தியா என்று காகிதம் வந்திருந்தது, அவள் அம்மாவுக்கும் தங்கச்சி ராக்கம்மாவுக்கும் சிலோனிலேயே இரு என்று வந்திருந்தது, அதை எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மகள் கப்பல் ஏறமாட்டாள் என்று அந்த அம்மாவே மறைத்துவிட்டது, நீ முன்னால போ ஆத்தா, நாங்க அடுத்த கப்பலுக்கு வந்துர்றோம், சாமானெல்லாம் கட்டியாச்சு பாரு, தங்கச்சிக்காரி ஒரு மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறாள், கப்பல் நகர்கிறது, மூட்டை சின்னதாகிக்கொண்டே போகிறது, செவனம்மா சிரித்துக்கொண்டே கையாட்டுகிறாள், என் கண்ணுக்குள் இப்போதும் ஆட்டிக்கொண்டிருக்கிறாள், மண்டபம் முகாமில் இருந்த நாளெல்லாம் கப்பல் வருகிறது என்று யாராவது சொன்னால் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு போய் நிற்பாள், இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள், கடைசியில் அவர்கள் லயத்திலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் விஷயத்தைச் சொன்னார், அவுங்களுக்கு இங்கிட்டு வர வழியே இல்ல தாயி, அவள் அழவில்லை, அந்த மூட்டயில என்னா இருந்துச்சு, என்று மட்டும் கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை.

அன்றோடு சரி, யார் பேச்சையும் நம்புவதை விட்டுவிட்டாள், நீலகிரிக்கு வந்து தோட்டத்தில் வேலை கிடைத்தது என்றார்கள், கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டும்வரை நம்பவில்லை, ரேடியோவில் மழை வரும் என்றால் துணியைக் காயப்போடுவாள், பையன் பாஸ் என்றால் போய் வாத்தியாரைப் பார்த்துவிட்டு வருவாள், வாத்தியாரையும் நம்பமாட்டாள், ராத்திரி சோற்றை வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள், நான் எதைச் சொன்னாலும் அவளுக்குள் அந்த மூட்டை தூக்கிக் காட்டப்படுகிறது என்று எனக்குத் தெரியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு திரும்பினேன், என்ன சொல்வதென்று தெரியாமல், மீனெல்லாம் கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருச்சு புள்ள, ரெண்டு நாளாகுமாம் வர, என்றேன், பொய்யி, என்றாள், சொல்லும்போது உதட்டின் ஓரம் கொஞ்சம் மேலே போயிற்று, ஆகா என்றிருந்தது எனக்கு, நம்பாமல் இருந்தால் வலிக்காத ஒரு பொய் கிடைத்துவிட்டது, அப்புறம் விடுவேனா, அவள் உதட்டின் அந்த ஓரத்துக்காக இந்த அணையில் உள்ள மீன் அத்தனையையும் பேச வைத்தேன், நடக்க வைத்தேன், ரேஷன் கடையில் வரிசையில் நிற்க வைத்தேன், ஒரேயொரு நாள் தப்பாகிவிட்டது, ஆபீசருங்க வந்து மீனுங்கள வரிசையா நிறுத்தி, நீ இந்தியாவா நீ சிலோனான்னு கேட்டாங்க புள்ள, அதுக தண்ணின்னுச்சுக, என்றேன், நல்ல பொய் என்றுதான் நினைத்தேன், அவள் சிரிக்கவில்லை, டப்பாவைத் திறந்து பெரிய துண்டாகவே எடுத்துக் கொடுத்தாள், அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், கருப்பட்டி கரைகிறவரை திரும்பவேயில்லை.

வாளி கனக்கிறது, மேட்டில் ஏறும்போது தண்ணீர் தளும்பி முழங்காலில் கொட்டுகிறது, உள்ளே அது வாலால் ஒரு அடி அடிக்கிறது, இரு, இரு, வந்துவிட்டோம் என்கிறேன், ஆஸ்பத்திரியில் அவளிடமும் அப்படித்தான் சொன்னேன், சாயங்கால வெயில் கட்டில் காலில் விழுந்திருந்தது, அவள் மெலிந்து மெலிந்து போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை, நான் வீட்டுக்கு வந்துருவனாங்க, என்று கேட்டாள், நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல், வராம, வர்ற ஞாயித்துக்கெழம நீதான் தண்ணி ஊத்தற, என்றேன், சொல்லும்போதே எனக்குத் தெரியும், ஓட்டை இல்லாத இடமே அதில் இல்லை, பச்சைப் பிள்ளைகூட நம்பாது, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவள் என் முகத்தையே பார்த்தாள், நெடுநேரம், இதோ சொல்லப்போகிறாள், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கும்பிடுகிறேன், சரிங்க, என்றாள், அவ்வளவுதான், பொய்யின்னு சொல்லு புள்ள, என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் என் கையை மெல்ல விரித்து, உள்ளங்கையில் எதையோ வைப்பதுபோல் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள், அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அந்தக் கையைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன், அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டி தோட்டத்துக்கு வரும்போதும் மூடியேதான் இருந்தது.

வாசலில் நிற்கிறேன், எந்த இடத்தில் நின்று சொல்வேனோ அதே இடத்தில், உள்ளே மருமகள் கோகிலா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், நல்ல பெண், சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை, இன்னைக்கு ஒரு மீன் வானத்துலேருந்து மடியில விழுந்துச்சும்மா, என்கிறேன், அப்படியா மாமா, என்று எழுந்து ஓடி வருகிறாள், வாளியை எட்டிப் பார்க்கிறாள், பருந்து போட்ருச்சா, கீறல் கெடக்கே, ஒங்களுக்கு ஏதும் அடிபடலயே மாமா, இல்லம்மா, நீ நம்புறியா, என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க, நீங்க சொன்னா நம்பாம என்ன, அதற்குள் அணை வாட்ச்மேன் பெள்ளி அந்தப் பக்கமாகப் போனவன் வந்துவிட்டான், குனிந்து பார்த்தான், பருந்துதாண்ணே, சந்தேகமே இல்ல, நெகம் பதிஞ்சிருக்கு பாருங்க, என்று அவனே எனக்குச் சாட்சி சொல்கிறான், செல்போனை எடுத்துப் போட்டோ பிடித்துக்கொள்கிறான், கோகிலா திருப்பூரில் இருக்கிற என் மகனைப் போனில் கூப்பிட்டு என் காதில் வைக்கிறாள், சொல்கிறேன், சரிப்பா, என்கிறான், சரிப்பா, வெயில்ல சுத்தாதீங்க, எல்லோரும் நம்புகிறார்கள், ஒருத்தர்கூட மீதியில்லாமல் நம்புகிறார்கள், அடுப்பின் முன்னால் யாரும் இல்லை, கொழம்பு வச்சிரவா மாமா, என்று கோகிலா கேட்கிறாள், நான் வாளியையே பார்க்கிறேன், அது பக்கவாட்டில் சாயத் தொடங்கியிருக்கிறது, இதை இப்படியே கொண்டுபோய்ச் செவனம்மா முன்னால் வைத்தால் பாவம் அவள் எங்கே ஓட்டை கண்டுபிடிப்பாள், கீறல் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, போட்டோ இருக்கிறது, அவள் சொல்வதற்கு இதில் எங்கே இடம் இருக்கிறது, இல்லம்மா வேணாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டேன், பெள்ளி, அந்தப் போட்டோவ அழிச்சிருப்பா, ஏண்ணே, நல்லா விழுந்திருக்கே, மீனுக்குப் புடிக்கலயாம், என்றேன், அவன் மீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மரியாதை தெரிந்தவன், அழித்துவிட்டான்.

இறக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனேன், இந்த வயதில் என்ன ஓட்டம், வாளி ஓடுகிறது, நான் பின்னால் போகிறேன், தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, இரண்டு கையாலும் வயிற்றின் அடியில் தாங்கிப் பிடித்தேன், கை மரத்துப்போகிற குளிர், அது ஒருக்களித்துக் கிடந்தது, செவுள் எப்போதோ ஒரு தரம் அசைந்தது, போ, என்றேன், வழி இல்லாவிட்டால் என்ன, இதுதான் கடல், போ, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, கை இருக்கிறதா என்பதே தெரியாமல் போனபோது உள்ளங்கையில் ஒரு உதறல், வால் ஒரு தரம் விசிறியது, நிமிர்ந்தது, என் விரல்களுக்கு நடுவிலிருந்து அவசரமே இல்லாமல் கழன்று, பச்சையான ஆழத்துக்குள் இறங்கி, ஒரு நிழலாகி, அப்புறம் அதுவும் இல்லை, கீறல் இல்லை, சாட்சி இல்லை, இப்போது இது வெறும் ஒரு கிழவன் சொல்கிற கதை, கரையேறி அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, பருந்தும் இல்லை காக்கையும் இல்லை, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஆரம்பிக்கிறேன், இன்னைக்கு ஒரு மீன் வானத்துலேருந்து மடியில விழுந்துச்சு புள்ள, விழுந்த ஒடனே, தப்பா நெனச்சுக்காதீங்க, கால் தவறிருச்சுன்னுச்சு, மீனுக்கு ஏது கால், அந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், கஷ்டப்படாமல் கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிட்டு அவளுடைய அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறேன், தண்ணீர் கரையில் வந்து வந்து தொடுகிறது, மடி நனைந்து கிடக்கிறது, அதில் ஒன்றும் இல்லை, வேட்டியை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.