ஒரே மாதிரி ஐந்து கடுதாசி

கோபம் வந்தால் சுலோசனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அன்றைக்கும் செருகினாள். பிரான்சில் தஞ்சம் கேட்டிருந்த தம்பி அரிகரனின் மனுவைத் தள்ளிவிட்டார்களாம்.

"அஞ்சு சாட்சிக் கடுதாசியும் ஒரே மாதிரி இருக்குதுக்கா. சொல்லிக்குடுத்து எழுதினதுன்னுட்டாங்க. அப்பீல்லயும் போச்சுன்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள் போனில் வினோதினி. அங்கே அவன் வக்கீலிடம் வேலை பார்க்கிற பெண்.

வேறெப்படி இருக்கும்? பண்டசோழநல்லூரில் யார் எதற்கு மனு போட்டாலும் மனு எழுதிக் கொடுக்கும் பாகூர் நடேசனிடம்தான் எழுதி வாங்குவார்கள். பட்டாவோ பென்ஷனோ, "நேரில் கண்டேன், இது சத்தியம்" என்றுதான் அவர் முடிப்பார். அரிகரனுக்குச் சாட்சி சொன்ன ஐந்து பேரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவார்கள்.

அதற்காக நடந்தது பொய்யாகிவிடுமா? ஆற்று மணலை அள்ளிய கட்சிக்காரன் மேல் அரிகரன் வழக்குப் போட்டான். அவன் ஆட்கள் இவனுடைய கரும்பைக் கொளுத்தி, வலது கையையும் உடைத்தார்கள். புகார் கொடுக்கப் போனால் போலீஸில் இவன் மேலேயே கேஸ் எழுதினார்கள்.

சுலோசனா வீடு வீடாக ஏறினாள். "நடேசன் அண்ணன் எழுதினத மறந்துடுங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க, போன்ல புடிக்கிறேன்." அடிக்க வந்தவர்கள் மூன்று பேர் என்றார் முத்துக்குமார். கோவிந்தராஜ் ஐந்து பேர் என்றார். இருக்கட்டும், இரண்டையும் பதிவு செய்தாள்.

கடைசியில் காசம்மாள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"நான் இன்னாத்த பாத்தேன்? வூட்டுக்குள்ள இருந்தேன். நீ கேட்ட, கையெழுத்துப் போட்டேன்."

சுலோசனா பதிவை நிறுத்தினாள். இதை அனுப்பினால் மற்ற நாலையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட மாட்டார்களா?

"அப்ப எதத்தான் பாத்த பெரியம்மா?"

"மறுநா காலையில வந்தான். கைய துண்டுல கட்டினு இருந்தான். கூழு குடுத்தேன். இடது கையில சொம்பத் தூக்கத் தெரியாம சட்டையெல்லாம் ஊத்திக்கினான். எம்மவன் சட்டையக் குடுத்தேன், பச்ச கட்டம் போட்டது. இன்னும் திருப்பித் தரல."

சுலோசனா சிரித்துவிட்டாள். பயம் போன இடம் தெரியவில்லை. இதை எந்த நடேசனாலும் எழுதித் தர முடியாது. "அப்படியே சொல்லு. சண்டையப் பாக்கலன்னும் சொல்லு" என்று போனை நீட்டினாள். பதிவுகளை வினோதினிக்கு அனுப்பி, மொழிபெயர்த்து எழுத்தில் கொடுக்கச் சொன்னாள்; சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடக் கூடாதே என்று, யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தம்பியிடம் மூச்சு விடவில்லை.

நாலு மாதம் கழித்து அரிகரனே கூப்பிட்டான்.

"அப்பீல் கோர்ட்டுல, அடிபட்ட மறுநாள் எங்க போனேன்னு கேட்டாங்கக்கா. காசம்மா பெரியம்மா வூட்டுக்கு, கூழ மேல ஊத்திக்கினேன், பச்ச கட்டம் சட்ட குடுத்துச்சுன்னேன். கையில இருந்த பேப்பரப் பாத்தாங்க. அப்புறம் ரொம்ப கேக்கல. இன்னிக்கு லெட்டர் வந்துச்சு. தஞ்சம் குடுத்துட்டாங்கக்கா."

சுலோசனா ஓட்டமாக ஓடினாள். "ஜெயிச்சுட்டோம் பெரியம்மா. இனிமே அவன எவனும் தொட முடியாது."

"நல்லதுமா. எப்ப வரான்? சட்டையக் கொண்டாரச் சொல்லு."

அப்போதுதான் சுலோசனாவுக்கு உறைத்தது. அவனைக் காப்பாற்றிய அந்தத் தஞ்சத் தாளை வைத்துக்கொண்டு அவன் இந்த ஊருக்கு வர முடியாது; வந்தால் தஞ்சம் போய்விடும்.  ஆனாலும் தம்பி உயிரோடு இருக்கிறான், அது போதும்.

"அவன் வர முடியாது பெரியம்மா. சட்டைய பார்சல்ல அனுப்பச் சொல்றேன்."

காசம்மாள் கையை அசைத்து மறுத்தாள்.

"வேணாம்" என்றாள். "அவனே போட்டுக்கட்டும். அங்க குளிருமாமே."