அரை மாத்திரை

சிறையில் அவனுக்குப் பெயர் பல்செட்டு. வயது முப்பதைத் தொடவில்லை, அதற்குள் மேல்வரிசை முழுவதும் கட்டுப்பல். போதைப் பவுடர் தின்றது போக மிச்சத்தைப் போலீஸ் தட்டிவிட்டது என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

காலையில் மருந்து அறை பெஞ்சில் ஆறேழு பேர் உட்காருவார்கள். பவுடர் ஏக்கத்தை அடக்கும் மாத்திரை அவர்களுக்கு. விழுங்கினால் பயனில்லை, நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். கரையும்வரை பேச்சு கூடாது. கைகள் முழங்காலில் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஒருவன் குடும்பத்தை ஒருவன் இழுத்துத் திட்டியவர்கள் அப்போது மட்டும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள். பிறகு நர்ஸ் டார்ச்சோடு வரிசையாக வருவாள்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

அவனுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. "பல்லை எடு."

கிரீடத்தைக் கழற்றும் ராஜா மாதிரி அவன் எடுத்து நீட்டுவான். பல் தெரியும் பக்கத்தை. திருப்பிக் காட்டச் சொல்ல நர்ஸுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மாத்திரையை ஒருநாள்கூடத் தவறவிடாதவன் அவன். அவளிடம் கேட்டால் பெஞ்சிலேயே நல்ல பிள்ளை அவன்தான் என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை வார்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னப்பா பல்செட்டு, வெள்ளிக்கிழமை விடுதலையாமே. மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? மாமியார் வீட்டை விட்டுப் போக மனசு வரலையா மாப்பிள்ளைக்கு?"

பெஞ்ச் முழுவதும் வாயை மூடிக்கொண்டு குலுங்கியது. பல்செட்டும் அடக்கித்தான் பார்த்தான். முடியவில்லை. கட்டுப்பல் தெறித்து விழுந்து, சறுக்கிக்கொண்டே போய் வார்டரின் பூட்ஸில் முட்டி மல்லாந்தது.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள்.

கட்டுப்பல்லின் இளஞ்சிவப்பு அண்ணக் குழியில் கரையாத அரை மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது.

வார்டர் குனிந்து பார்த்தார். "அடப்பாவி" என்றார். அதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. பிறகு அவன் அறையைக் குடைந்தார்கள். சட்டை மடிப்புக்குள் இன்னும் சில பாதிகள் தைத்து வைக்கப்பட்டிருந்தன.

"யாருக்குடா வித்தே?"

"யாருக்கும் விக்கலை சார். எனக்குத்தான்."

அதை நம்ப அங்கே ஆளில்லை. மாத்திரையை ஒளித்தவனுக்கு மாத்திரை கிடையாது என்பது சட்டம். அன்றோடு நின்றது.

நர்ஸ் அவனைத் தனியாகக் கேட்டாள். "ஏன்டா இப்படிப் பண்ணே?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடறாங்க சிஸ்டர். வெளிய ஆஸ்பத்திரியில இந்த மாத்திரை குடுக்கற பிரிவு திங்கட்கிழமைதான் தொறக்கும். நடுவுல ரெண்டு நாள் என்ன பண்ணுவேன்? நீங்கதானே சொன்னீங்க, வெளிய போனதும் ஒருநாள்கூட விடாதேன்னு."

சொல்லியிருந்தாள். பெஞ்சைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னது. அவன் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

டாக்டரைப் போனில் பிடித்தாள். அவர் மூன்று சிறைகளுக்கு ஒரே டாக்டர்.

"நீங்க சொல்றதை நம்பறேன் சிஸ்டர். ஆனா இவனை விட்டா நாளைக்கு பெஞ்ச் முழுக்கப் பல்செட்டு மாட்டிட்டு வருவானுங்க. என்னால முடியாது."

சூப்பரின்டெண்டிடம் போனாள். திங்கட்கிழமைவரை உள்ளே வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விடுதலை தேதி முடிஞ்ச ஆளை உள்ள வெச்சா, என்னைத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்கம்மா. நீங்க வந்து எனக்கு மாத்திரை குடுப்பீங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. டாக்டரும் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு வழியில்லாமல் போனது. சண்டை போடக்கூட ஆளில்லை.

மறுநாளிலிருந்து அவனுக்குக் கொட்டாவி பிடித்தது. மூக்கு ஒழுகியது, வயிறு போனது, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. படுத்தால் கால்கள் தானாக உதைத்தன. தூக்கம் அறவே போயிற்று. கொடுக்க அனுமதி உள்ளதைக் கொடுத்தாள். வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. எரிகிற வீட்டில் சொம்புத் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை காலை அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"உடம்பு இப்போ சுத்தமாயிடுச்சாம் சிஸ்டர். இனிமே மருந்தே தேவையில்லைன்னு வார்டர் சொல்றார்."

நர்ஸ் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அதான்டா ஆபத்து. பழைய அளவை உன் உடம்பு இப்போ தாங்காது. ஒரே ஒரு தடவை போட்டாலும் மூச்சு நின்னுடும். புரியுதா?"

"சத்தியமா போடமாட்டேன் சிஸ்டர்." அவன் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது யாரும் பொய் சொல்வதில்லை.

நின்ற மூச்சைத் திருப்ப மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்று உண்டு. சிகிச்சையில் இருப்பவர்கள் விடுதலையாகும்போது கையில் கொடுத்தனுப்புவார்கள். அவன் பெயரைத்தான் சிகிச்சையிலிருந்து எடுத்துவிட்டார்களே. அவசரத்துக்கென்று அறையில் வைத்திருந்த ஒன்றை எடுத்துச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு நர்ஸ் சாயங்காலம் கேட்டுக்குப் போனாள். வேலை முடிந்து போகிறவர்களையும் அங்கே தடவிப் பார்ப்பார்கள். தடவிய பெண் வார்டர் அவளோடு தினமும் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொள்பவள்.

"என்ன சிஸ்டர் இது? சீட்டு எங்க?"

"சீட்டு இல்லை."

"ஐயோ, என்னைச் சிக்கல்ல மாட்டிவிடாதீங்க. பார்க்காத மாதிரி இருக்கேன், திரும்பக் கொண்டுபோய் வெச்சிடுங்க."

கொண்டுபோய் வைத்தாள். வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

அவன் அக்கா வந்திருந்தாள். பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவள். சீருடையோடு, கால்சட்டை நுனியெல்லாம் ஈரமாக, வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். தம்பியின் கையை மணிக்கட்டில் பிடித்திருந்தாள், சந்தையில் தொலைந்து கிடைத்த பிள்ளையைப் பிடிப்பதுபோல.

நர்ஸ் அவளைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னாள். தனியாக விடாதீங்க. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிடுங்க. திங்கட்கிழமை காலையில முதல் ஆளா ஆஸ்பத்திரியில நில்லுங்க. தன் போன் நம்பரையும் கொடுத்தாள்.

"எனக்குச் சனி ஞாயிறு லீவு கிடையாது சிஸ்டர். பரவாயில்லை, டிப்போவுக்கே இழுத்துட்டுப் போறேன். பஸ் கழுவட்டும் இந்தத் துரை." தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "தூங்கவே மாட்டேங்கறானாமே. பார்க்கவே பயமா இருக்கு."

"மருந்து நின்னதால வர்றது. அது சரியாயிடும். தூக்கம் வந்துட்டா கண்டம் தாண்டிட்டான்னு வெச்சுக்குங்க."

பஸ் வந்தது. இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது போல நர்ஸுக்குத் தோன்றியது. அதற்குள் அவர்கள் ஏறிவிட்டார்கள். அவன் ஜன்னலில் முகத்தை வைத்து, கட்டுப்பல்லைக் கழற்றி, இந்த முறை திருப்பி, உள்பக்கத்தைக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சிஸ்டர், நான் அவன் அக்கா. தூங்கிட்டான் சிஸ்டர்!" கல்யாணச் சேதி சொல்கிற குரல். "ரெண்டு நாளா என்கூடவே பஸ் கழுவினான். பொட்டுத் தூக்கம் இல்லை. இப்போ கடைசி சீட்ல படுத்து அப்படித் தூங்கறான். நீங்க சொன்ன மாதிரியே கண்டம் தாண்டிட்டான்."

நர்ஸின் கை துணியோடு நின்றது. "எங்கேயாவது போனானா?"

"டீ குடிக்கப் போனான். கொஞ்சம் நேரமாச்சு, ஆனா வந்துட்டான். வந்ததும் படுத்தவன்தான். என்ன குறட்டைங்கறீங்க! பஸ்ஸே கிளம்பின மாதிரி. டிரைவர் அண்ணன்கூடக் கேலி பண்ணிட்டுப் போறார். இருங்க, நீங்களே கேளுங்க."

போனை அவன் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். கேட்டது. நீரில் மூழ்கிய எதையோ தரதரவென்று இழுப்பது போன்ற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு இழுப்பு.

"எழுப்புங்க! கன்னத்துல தட்டுங்க. உதடு என்ன நிறமா இருக்கு?"

"வெயில்ல ஒண்ணும் தெரியலை சிஸ்டர். பாவம், இப்போதான் அசந்தான்..."

"எழுப்புங்கம்மா!"

"தம்பி. டேய் தம்பி." தட்டும் சத்தம். "குறட்டை நின்னுடுச்சு சிஸ்டர். இப்போதான் நிம்மதியா தூங்கறான்."

"அது தூக்கம் இல்லை. யாரையாவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லு. ஓடச் சொல்லு. நீ அங்கேயே இரு. அவனைக் கீழே மல்லாக்கப் போடு."

அக்கா யாரையோ கூப்பிட்டுக் கத்தினாள். ஏதோ தடதடவென்று விழுந்தது. அவள் திரும்பப் பேசியபோது அது வேறு குரலாக இருந்தது.

"போட்டுட்டேன் சிஸ்டர்."

"வாயைத் திற."

"திறந்துட்டேன்."

"பல்லை எடு."

கட்டுப்பல் தகரத்தில் விழும் ஓசை கேட்டது.

"மூக்கைப் பிடிச்சுக்கோ. வாயோட வாய் வெச்சு ஊது. நெஞ்சு மேல வருதா பார்."

டிப்போவில் யாரோ ஒரு பஸ்ஸைக் கிளப்பினார்கள். அந்த இரைச்சலில் மற்றது எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் ஒரு காதை ஈரத் துணியால் அடைத்துக்கொண்டு, போனை மறு காதோடு அழுத்திக்கொண்டு, ஊது, ஊது என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.